மருந்தை நீக்கிய நீர் தூய நீரா?

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு



"தண்ணீர் கெட்டுவிட்டதா? கொஞ்சம் பிளீச்சிங் பவுடரைப் போடு, எல்லாம் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். சேறு என்றால் தெளிய வைக்கலாம். கிருமி என்றால் கொல்லலாம். ஆனால் தண்ணீரில் கலந்திருப்பது மருந்தாக இருந்தால்? அதை நீக்கும்போது அது எங்கே போகிறது? என்னவாக மாறுகிறது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் எந்த நீரையும் தூய நீர் என்று சொல்லக் கூடாது என்பது என் கருத்து. உப்பு விளையும் மரக்காணம் கரையில் வாழும் எங்களைப் போன்றவர்கள் இக்கேள்விகளை மற்றவர்களைவிட உரக்கக் கேட்க வேண்டும். அதற்கான காரணத்தைக் கூறவே இக்கட்டுரை எழுதுகிறேன்.

மருந்து எப்படி நீருக்கு வருகிறது?

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையில் இருக்கிறது எங்கள் மரக்காணம். ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பளப் பாத்திகள், அவற்றை அடுத்துக் கழுவெளி என்னும் பெரிய உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் உள்நாட்டு ஏரிகளின் உபரிநீர் கழுவெளியில் வந்து சேரும். கழிமுகம் வழியாகக் கடல்நீரும் உள்ளே ஏறி வரும். நல்ல நீரும் உப்பு நீரும் கைகோக்கும் இடமாதலால் மீனும் இறாலும் நண்டும் அங்கே குஞ்சு வளர்க்கின்றன. தொலைதூரத்துப் பறவைகளும் வலசை வருகின்றன. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழக அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

இந்நீருக்கு மருந்து இரண்டு வழிகளில் வருகிறது. முதல் வழி மாடும் கோழியும். மடிநோய் கண்ட பசுவுக்கும், கழிச்சல் கண்ட கோழிக்கும் ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்கிறோம். அதில் ஒரு கணிசமான பங்கு சாணத்திலும் சிறுநீரிலும் எச்சத்திலும் மாறாமலே வெளியேறிவிடும். சாணம் எருக்குழிக்கும், எரு வயலுக்கும், வயல்நீர் ஏரிக்கும், ஏரிநீர் கழுவெளிக்கும் போகின்றன. இரண்டாவது வழி இறால் வளர்ப்பு. எங்கள் பகுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் பல உள்ளன, குட்டைகளும் உள்ளன. இறாலுக்கு ஊசி போட முடியாது. மருந்தைத் தீனியில் கலந்து தண்ணீரில் தூவ வேண்டும். இறால் தின்றதுபோக மிச்சம் நீரிலே கரையும், சேற்றிலே படியும். அறுவடை நாளில் குட்டையைத் திறந்துவிட்டால் அத்தனையும் ஓடைக்குத்தான் போகும்.

இதை நான் தூர நின்று எழுதவில்லை. என் அப்பா ஒரு குட்டையைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். எங்கள் வீட்டுச் சோறும் என் பள்ளிக் கட்டணமும் அந்தக் குட்டையிலிருந்துதான் வருகின்றன. சென்ற ஆண்டு ஒரு நாள் இறால் தீனி எடுக்காமல் கரையோரம் ஒதுங்கியபோது அப்பா இரவு முழுவதும் தூங்கவில்லை. வாங்கிய கடன் தலைக்குமேல் நிற்கிறது. மூன்று மாத உழைப்பு ஒரே இரவில் மிதந்துவிடலாம். அந்த நேரத்தில் பெயர் ஒட்டாத ஒரு பொட்டலத்தை யாராவது நீட்டி, "இதைப் போடு, நாளைக்கே தெளிந்துவிடும்" என்றால் வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஆகவே இறால் வளர்ப்பவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று.

சிறிதளவு மருந்து என்ன செய்துவிடும்?

"கடலளவு நீரில் கடுகளவு மருந்து; இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். ஆபத்து அந்தச் சிறிய அளவில்தான் இருக்கிறது. நிறைய மருந்து கிருமியைக் கொல்லும். கொஞ்சம் மருந்து கிருமிக்குப் பழக்கம் கொடுக்கும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவு மருந்தைக் கொடுத்தால் கிருமிகள் அதை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளும் என்று எச்சரித்தார். ஓடையிலே கற்றுக்கொண்ட கிருமி ஓடையிலேயே இருந்துவிடாது. கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்களின் விரல் கீறல் வழியாகவும், குடத்து நீர் வழியாகவும் வீட்டுக்கு வரும். அப்போது மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மாத்திரை வேலை செய்யாது.

நம் நாட்டில் நடந்ததையே பாருங்கள். 2007-ஆம் ஆண்டு ஹைதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில், சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளிவந்த நீரைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளோக்சசின் இருந்தது. அம்மருந்தை உட்கொண்ட நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். கால்நடைகளுக்குத் தரும் என்ரோஃப்ளோக்சசினும் அதில் இருந்தது. சுத்திகரிப்பு நிலையத்தின் உள்ளே போவதற்கு முன்பு எடுத்த நீர் அன்று அது. சுத்திகரித்தபின் வெளியே வந்த நீர்!

சட்டம் பார்ப்பதும் பாராததும்

சட்டம் இல்லாமல் இல்லை. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடற்கரை இறால் பண்ணைகளைப் பற்றிப் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. பின்னர் 2005-இல் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் உள்ளிட்ட பல மருந்துப் பொருள்கள் இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டுள்ளன. ஐரோப்பிய நாடுகள் நம் இறாலில் தடை செய்த மருந்தின் எச்சம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுகின்றன. 2016-இல் அவை இந்தியாவிலிருந்து வரும் வளர்ப்பு இறால் சரக்குகளில் பாதியைச் சோதிக்க வேண்டும் என்று விதித்தன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சோதனை இறாலின் சதையைப் பார்க்கிறது. அந்த இறால் வளர்ந்த நீரைப் பார்ப்பது யார்? 2005 சட்டத்தின்கீழ் வந்த விதிகளில் பண்ணைக் கழிவுநீருக்கு அளவுகள் குறிக்கப்பட்டன. கார அமிலத் தன்மை, மிதக்கும் துகள், அம்மோனியா, நைட்ரஜன், பாஸ்பேட் முதலியவை அந்தப் பட்டியலில் இருந்தன. ஆன்டிபயாடிக் அதில் இல்லை. வெளிநாட்டுத் தட்டுக்குப் போகும் இறாலுக்கு இருக்கும் காவல், எங்கள் ஊர் ஓடைக்கும் வேண்டாமா?

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது

"சரி, மருந்து கலந்த நீரைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்துவிட்டு ஓடையில் விடுவோம்" என்று சொல்வது எளிது. இங்கேதான் உப்புக் கரையின் தனிச் சிக்கல் தொடங்குகிறது.

கடல்நீரில் சமையல் உப்பு மட்டும் இல்லை. ஒரு லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடும் இருக்கிறது. உப்பளத்தில் உப்பு படிந்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் அது இன்னும் செறிந்திருக்கும். 1826-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் மோன்பெலியே நகரில் அந்துவான் பலார் என்ற இளைஞர் புரோமின் என்ற தனிமத்தை முதன்முதலில் கண்டதும் உப்பளத்துக் கசப்பு நீரில்தான். அதன் நாற்றத்தைக் கொண்டே அதற்குப் பெயர் வைத்தார்கள். எங்கள் அப்பாக்களும் அம்மாக்களும் நாளெல்லாம் கால் நனைத்து நிற்கும் நீரிலிருந்து ஒரு தனிமம் உலகுக்கு அறிமுகமாயிற்று என்பதை வேதியியல் பாடத்தில் சேர்த்துச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நம் ஆய்வுக்கூடத்தில் நிறமற்ற பொட்டாசியம் புரோமைடு கரைசலில் குளோரின் நீரை ஊற்றினால் கரைசல் செம்மஞ்சளாக மாறுகிறது. குளோரின் வலிய உப்பீனி; அது புரோமினைத் தன் இடத்திலிருந்து பெயர்த்து வெளியே தள்ளிவிடும். இதையே ஓர் இறால் குட்டை அளவில் எண்ணிப் பாருங்கள். உவர்நீரில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் சில நொடிகளுக்குள் வேலை செய்யத் தொடங்குவது குளோரின் அன்று, புரோமின்! அது நீரிலுள்ள இலை மக்கு, தீனி மிச்சம், மருந்து ஆகியவற்றோடு சேர்ந்து புரோமோஃபார்ம் போன்ற புதிய பொருள்களை உண்டாக்குகிறது. இவற்றைச் 'சுத்திகரிப்பின் துணைவிளைபொருள்கள்' என்கிறார்கள். புரோமின் சேர்ந்த துணைவிளைபொருள்கள், குளோரின் மட்டும் சேர்ந்தவற்றைவிடப் பொதுவாக உயிரணுக்களுக்கு அதிக நஞ்சானவை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

இச்செய்தியை உலகம் அறிந்தது 1974-இல். நெதர்லாந்தில் ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தின் வேதியியலாளர் யோகன்னஸ் ரூக், குளோரின் போடுவதற்கு முன் நீரில் இல்லாத குளோரோஃபார்ம் போட்டபின் எங்கிருந்து வந்தது என்று தேடினார். நீரிலிருந்த இயற்கை மக்குப் பொருளோடு குளோரின் சேர்ந்து அதை உண்டாக்கியது என்றும், புரோமைடு இருந்தால் புரோமின் சேர்ந்தவை உண்டாகின்றன என்றும் கண்டார். நீரைக் காக்கப் போட்ட பொருளே நீரில் புதிய பொருளைப் படைத்தது! இன்று குடிநீரில் புரோமோஃபார்ம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் இந்தியத் தர நிர்ணயமும் வரம்பு கட்டியுள்ளன.

ஓசோன் வாயுவைப் பயன்படுத்தலாமே என்பார்கள். ஓசோன் பல மருந்துகளைத் திறமையாக உடைக்கும், உண்மை. ஆனால் புரோமைடு உள்ள நீரில் ஓசோன் புரோமேட் என்ற பொருளை உண்டாக்கும். குடிநீரில் அதற்குரிய வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே. உள்நாட்டு ஊருக்கு நன்மை செய்யும் முறையை உப்புக் கரைக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பெயர் மறைந்தது, வீரியம் மறையவில்லை

பொருள் அழிவதில்லை, உருவந்தான் மாறும் என்று பாடத்தில் படித்தோம். மருந்துக்கும் அதே விதி. பசுவுக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளோக்சசின் அதன் உடலுக்குள்ளேயே ஒரு சிறு கிளையை இழந்தால் சிப்ரோஃப்ளோக்சசின் ஆகிவிடும். அது மனிதர்களுக்குத் தரும் ஆன்டிபயாடிக்! சோதனைத் தாளில் என்ரோஃப்ளோக்சசினின் அளவு குறைந்திருக்கும். "ஆகா, மருந்து நீங்கிவிட்டது" என்று நாம் மகிழ்வோம். ஆனால் ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் வந்திருக்கும். கிருமிகளுக்குப் பழக்கம் கொடுக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

டெட்ராசைக்ளின் மருந்தின் கதை இன்னும் வியப்பானது. ஒருவகைக் கடல் பாக்டீரியா இருட்டில் ஒளிவிடும். நஞ்சு கலந்த நீரில் விட்டால் அதன் ஒளி மங்கும். எவ்வளவு மங்குகிறது என்று அளந்தால் நீர் எவ்வளவு நஞ்சானது என்று அறியலாம். டெட்ராசைக்ளின் கரைசலை ஒளியால் சிதைத்து இம்முறையில் சோதித்தபோது, மருந்து குறையக் குறைய நஞ்சு கூடியதைக் கண்டார்கள். உடைந்த துண்டுகள் முழு மருந்தைவிடப் பொல்லாதவையாக இருந்தன.

எங்கள் பகுதிப் பொரிப்பகக்காரர்களுக்கு ஒளிவிடும் பாக்டீரியா புதிதன்று. இரவில் தொட்டி நீர் பளபளத்தால் அவர்கள் நெஞ்சு பதறும். இறால் குஞ்சுகளைக் கொல்லும் விப்ரியோ ஹார்வியும் ஒளிவிடும் இனந்தான். அதை ஒழிக்கவே பலர் மருந்தைத் தேடுகிறார்கள். அதன் உறவினமான மற்றொரு பாக்டீரியா, அந்த மருந்தின் நஞ்சை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது!

அப்படியானால் குளோரின் வேண்டாமா?

இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் வீட்டுக் குடிநீரில் குளோரின் போடுவதை நிறுத்திவிட வேண்டாம். காலராவும் டைபாய்டும் ஊரை வாரிக்கொண்டு போகாமல் காப்பது அதுவே. துணைவிளைபொருளுக்கு அஞ்சிக் கிருமி நீக்கத்தைக் கைவிடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே கூறுகிறது. கிருமி இன்றே கொல்லும். துணைவிளைபொருளின் தீமை நெடுநாளில் சேர்வது. நான் சொல்வது இதுதான்: குளோரின் கிருமிக்கு மருந்து; மருந்துக்கு மருந்தன்று.

"குட்டைகளையெல்லாம் மூடிவிட்டால் போயிற்று" என்று சொல்பவர்களும் உண்டு. மூடினால் எங்கள் வீடுபோல் பல வீடுகளில் அடுப்பு எரியாது. உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலை இல்லை. கடலில் எல்லா நாளும் மீன் இல்லை. கைத்தொழிலைப் பறிப்பது வழியாகாது. தொழிலைத் திருத்துவதே வழி.

என்ன செய்யலாம்?

முதலாவது, போடாமல் இருப்பது. எந்த இயந்திரமும் செய்ய முடியாத முழுச் சுத்திகரிப்பு இதுவே. நார்வே நாட்டில் 1987-இல் வளர்ப்பு சால்மன் மீன்களுக்குச் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் செலவாயிற்று. தடுப்பூசி வந்தபின் சில ஆண்டுகளில் அது 2 டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. மீன் உற்பத்தியோ பெருகியது. இறாலுக்கு மீனைப்போலத் தடுப்பூசி போட்டுக் காக்க முடியாது. ஆகவே அதற்கு வேறு காவல் வேண்டும்: நோயில்லாக் குஞ்சு, நெருக்கமில்லா வளர்ப்பு, அளந்த தீனி, அறுவடைக்குப்பின் குட்டையைக் காயவிடுதல். 1994 முதல் நம் இறால் குட்டைகளை அழித்த வெண்புள்ளி நோய் வைரசால் வருவது. வைரசுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. அந்நோய்க்கு ஆன்டிபயாடிக் வாங்குபவர் பணத்தையும் இழக்கிறார், ஓடையையும் கெடுக்கிறார். மாடு கோழி விஷயத்திலும் அரசு ஒரு நல்ல அடி எடுத்து வைத்துள்ளது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக இருக்கும் கொலிஸ்டின் மருந்தை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தரக் கூடாது என்று 2019 ஜூலையில் இந்திய அரசு தடை செய்தது.

இரண்டாவது, பொறுமையான சுத்திகரிப்பு. குட்டை நீரை நேரே ஓடையில் திறக்காமல் தனிக் குளத்தில் தேக்கிச் சேற்றைப் படியவிட வேண்டும். சிப்பி, கடற்பாசி, கண்டல் செடி ஆகியவை கழிவிலுள்ள சத்துகளையும் துகள்களையும் எடுத்துக்கொள்ளும். குளத்தை ஆக்கிரமித்து இன்னொரு குட்டையாக்கும் ஆசையை மட்டும் அடக்க வேண்டும். மருந்து இன்னும் மிஞ்சினால், தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யும் கிளர்வூட்டிய கரி அதைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். உடைத்துப் புதுப் பொருளாக்காது. ஆனால் இங்கும் நம் கேள்வியை மறக்கக் கூடாது: நீக்கியது எங்கே போயிற்று? மருந்தைச் சுமந்த கரியையும், குளத்து அடிச் சேற்றையும் வாய்க்கால் ஓரத்தில் கொட்டினால் பட்ட பாடெல்லாம் வீண். வீட்டில் வாங்கும் ஆர்.ஓ. கேன் நீருக்கும் இதே கேள்விதான். வடிகட்டியில் நின்ற அழுக்கைச் சுமந்த மிச்ச நீர் ஏதோ ஒரு தெருச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, உயிர்களைக் கேட்டறிவது. ஓடையில் விடும் நீரில் ஒரு மருந்தின் பெயர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்த நீரில் ஒளிவிடும் பாக்டீரியா மங்குகிறதா, மீன்குஞ்சு பிழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். உவர்நீர் மீன்வளத்துக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிறுவனம் 1987 முதல் சென்னையில் இயங்கிவருகிறது. கழுவெளியில் நீர் விழும் இடங்களில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது இத்தகைய சோதனை செய்து, முடிவை ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். மழைக்கு முன் ஒரு முறை, அறுவடைக்குப் பின் ஒரு முறை என்றால் போதும். ஊராருக்கு உண்மை தெரிந்துவிடும்.

நமக்கு உள்ள பங்கு

மாணவிகளாகிய நாம் என்ன செய்வது என்கிறீர்களா? வீட்டில் பசுவுக்கு மருந்து கொடுத்தால், எத்தனை நாள் பாலைக் கறந்து ஒதுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரைக் கேட்போம். மிஞ்சிய மருந்தைக் குப்பைமேட்டிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் பார்த்துக்கொள்வோம். குட்டை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள், பெயர் ஒட்டாத பொட்டலம் வீட்டுக்குள் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்போம். நான் கேட்கத் தொடங்கிவிட்டேன். அப்பாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, "அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று அந்த ஆளுக்கே தெரியாது போலிருக்கிறதம்மா" என்றார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். காசைப் பற்றிச் சொன்னார்கள். மருந்தைப் பற்றி நாம் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும்: அளந்தாலும் ஆற்றில் போடாதே, போட்டுவிட்டால், எடுத்தது எங்கே போயிற்று என்று கேட்காமல் விடாதே.